பூமாரிக்கு வழி இல்லை

டத்தோ சுகுமாறனை நான் வானத்தில் நிறுத்தி வைத்தேன். பட்டு வேட்டியும் ஜிப்பாவுமாக, கூடை கூடையாகச் செவ்வந்தியையும் ரோஜா இதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாடகை ஹெலிகாப்டரில் உட்கார்ந்து அவன் ஓர் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழே கோயில் கும்பாபிஷேகத்துக்கு நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது.

என் பெயர் ரோகினி. பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. நிலையத்தைச் சுற்றித் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள், சின்ன விமானங்கள் எல்லாம் என் பொறுப்பு. பெரிய விமானங்கள் சறுக்குப் பலகையில் வருவதுபோல் ஒரே சரிவில் இறங்கி வரும். ஹெலிகாப்டர்காரர்களோ இஷ்டத்துக்கு எந்தத் திசையிலிருந்தும் வருவார்கள். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்கக் கூடாது. மேலும் கீழும் ஆயிரம் அடி வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் நல்ல தூரம் வேண்டும். என் வேலையைச் சொல்ல இவ்வளவு போதும்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பெரிய விமானம் கடந்து போனாலும் ஆபத்து அதோடு போய்விடாது. அதன் இறக்கை நுனியிலிருந்து கிளம்பும் சுழல்காற்று கண்ணுக்குத் தெரியாமல் மெல்லக் கீழே இறங்கும். காற்றோட்டமில்லாத காலையில் அது கலையாமல் அங்கேயே கிடக்கும். ஹெலிகாப்டர் அதற்குள் நுழைந்தால் ஓட்டுபவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் புரட்டிப் போட்டுவிடும்.

நான் பிறந்த பாயா ரும்பியா தோட்டம், சுவா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால், விமானங்கள் இறங்கும் அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். அந்தக் கோயிலுக்கு என் அப்பா கணேசமூர்த்திதான் பூசாரியாக இருந்தார். காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் சீவிவிட்டு, மத்தியானம் குளித்து அம்மனுக்கு விளக்கேற்றுவார். சம்பளம் கிடையாது. அவர் கேட்டதும் கிடையாது.

எனக்குப் பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம் படித்த வருஷம், திருவிழா முடிந்த மறுநாள், நகைகளைச் சரிபார்த்தபோது அம்மன் கழுத்துத் தாலியைக் காணவில்லை. அப்போது சுகுமாறன் கோயில் பொருளாளர். லாரி குத்தகை எடுத்துத் தலை நிமிர்ந்துகொண்டிருந்த நேரம். அவன் யோசிக்கவே இல்லை. தோட்டத்து ஜனம் முழுவதும் நிற்க, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "நகையில கை வச்ச ஒரே ஆளு பூசாரிதான். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும்" என்றான்.

எங்கள் தோட்டத்தில் ஒருவனைச் சூடம் அணைக்கச் சொல்வது, செருப்பால் அடிப்பதற்குச் சமம். அப்பா முன்னால் வந்தார். எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "நான் எடுக்கலம்மா" என்றார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். 

தாலி எங்கே போயிருந்தது தெரியுமா? திருவிழா முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய சேலைகளை ஏலம் விடுவது வழக்கம். அரக்குப் பட்டு ஒன்றைச் சுகுமாறனின் மனைவி குமுதவல்லி ஏலத்தில் எடுத்திருந்தாள். அந்தச் சேலையின் மடிப்பில் சிக்கிக்கொண்டு தாலி அவன் வீட்டுக்கே போய்விட்டது. அப்பா சூடம் அணைத்த அன்று ராத்திரி, அவன் வீட்டில் வேலை செய்த தாயம்மா சேலையை உதறியபோது தரையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். அவனும் பார்த்தான். மறுநாள் அவன் தாலியைக் கொண்டுபோய் அம்மன் பீடத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, அவனே கண்டெடுத்து, "பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டாங்க போல. சரி, விடுங்க" என்று பெரிய மனுஷன்போலச் சொன்னான்.

அந்த 'விடுங்க'வில்தான் என் அப்பா செத்தார். உடம்பு இன்னும் இருக்கிறது, மம்பாவில் ஒரு தரைவீட்டில் எங்களோடு இருக்கிறது. ஆனால் 'திருப்பி வைத்தவர்' என்ற பெயரோடு தோட்டத்தில் தலைகாட்ட முடியாமல் அவர் வெளியேறினார். தாயம்மாவின் மகன் சுகுமாறனின் லாரியை ஓட்டினான். அதனால் அவள் என் அம்மா பாஞ்சாலையிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டு, "என்னைச் சாட்சிக்கு மட்டும் இழுக்காத தாயி" என்று காலைப் பிடித்தாள். நாங்களும் இழுக்கவில்லை. சுகுமாறன் மட்டும் வளர்ந்துகொண்டே போனான். கோயில் தலைவர் ஆனான், அரசுப் பட்டம் வாங்கி டத்தோ ஆனான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வாய் திறந்து, தாலி எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அதை நினைக்காமல் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

கும்பாபிஷேகத்துக்குப் பெரிய பேனர் வைத்தார்கள். 'ஹெலிகாப்டரில் பூமாரி' என்று கோபுரத்தைவிடப் பெரிய எழுத்து. அதற்குமேல் சுகுமாறனின் முகம். வழக்கமாகத் தலைவர் கீழே நின்று பச்சைக் கொடி அசைப்பார். உடனே கோபுர உச்சியில் காத்திருக்கும் குருக்கள் கலசத்தில் புனித நீரை ஊற்றுவார். இவனுக்குக் கொடியும் வேண்டும், பூவும் வேண்டும். அதனால் தானே ஹெலிகாப்டரிலிருந்து பச்சைத் துண்டை ஆட்டுவதாகவும், அதைப் பார்த்துக் குருக்கள் நீர் ஊற்றுவதாகவும், தொடர்ந்து பூ கொட்டுவதாகவும் ஏற்பாடு செய்துவிட்டான். இப்படி ஒரு யோசனை எந்தச் சிற்பிக்கும் சிவாச்சாரியாருக்கும் வந்திருக்காது.

அனுமதி கேட்டுக் கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அனுமதியும் போனது, 'விமானப் போக்குவரத்தைப் பொறுத்து' என்ற வரியோடு. கல்யாண மண்டபத்தை புக் பண்ணினால் அந்த நேரத்தில் மண்டபம் நமக்குத்தான். வானத்தையும் அப்படித்தான் புக் பண்ணிவிட்டோம் என்று கோயில் கமிட்டி நினைத்துவிட்டது.

அன்று காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார்.

"எங்கப்பா?"

"வேலிக்கு வெளியில நின்னு பாத்துட்டு வந்துடறேன். உள்ள போகல."

"உங்கள யாருப்பா கூப்பிட்டா?"

"அம்மனப் பாக்க யாரு கூப்பிடணும்?" என்றார். அம்மாவும் கூடக் கிளம்பிவிட்டார். வேலிக்கு வெளியே, செம்பனை மரத்தடியில் திருடனைப்போல என் அப்பா நிற்கப் போகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

காலையில் வானம் கொஞ்ச நேரம் காலியாகத்தான் இருந்தது. அப்போதே அவன் வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் போர்ட்டிக்சனில் ஒரு பள்ளித் திடலில் ஹெலிகாப்டரை நிறுத்திவிட்டு, படம் எடுத்துக்கொள்ள ஒய்பி என்கிற மக்கள் பிரதிநிதி யாரோ ஒருவருக்காகக் காத்திருந்திருக்கிறான். ஒய்பி வந்து, கைகுலுக்கி, மாலை போட்டு முடிவதற்குள் சென்னை விமானம், மேடான் விமானம், ஜெட்டாவிலிருந்து உம்ரா யாத்திரிகர்களோடு வரும் பெரிய விமானம் என்று வரிசை கட்டிவிட்டன.

அப்போதுதான் ஹெலிகாப்டர் விமானி என்னைக் கூப்பிட்டான். இளம் குரல், பவ்யமான குரல். வானொலியில் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான், தமிழில் சொல்கிறேன்.

"பாயா ரும்பியா கோயிலுக்கு மேல் எழுநூறு அடியில் நிற்க அனுமதி வேண்டும்."

அந்தக் கோயிலுக்கு மேலே விமானங்கள் வரும்போது உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடிதான். கழித்துப் பார்த்தால் ஆயிரம் இல்லை. "ஏரிக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருங்கள். வரிசையில் விமானங்கள் இருக்கின்றன" என்றேன். சட்டம் அதைத்தான் சொல்கிறது.

பக்கத்து நாற்காலியில் இர்ஃபான். இறங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் ரேடார் அறையோடு பேசுவது அவன் வேலை. தம்பின் ஊர்க்காரன், அப்பா அங்கே பாசாரில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை.

"அக்கா, ரெண்டு பிளைட்டுக்கு நடுவுல கேப் ஒண்ணு கேக்கவா? சென்னை பிளைட்ட கொஞ்சம் ஸ்லோ பண்ணச் சொன்னா போதும் லா. கோயில் காரியமாச்சே."

"வேணாம் இர்ஃபான்."

"அஞ்சு நிமிஷம் தானக்கா?"

"வேணாம்னு சொன்னேன்ல."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏனென்றால் நான் கேட்கிறவள். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்குக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை கல்யாணப் படம் எடுக்க வந்தவனுக்குக்கூடக் கெஞ்சி ஓர் இடைவெளி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டால் கிடைக்கும். அந்த ஒரு வார்த்தையை நான் சுகுமாறனுக்காகக் கேட்கவில்லை. முன்னூறு பயணிகளைத் தாமதப்படுத்தி ஒருவன் பூப்போட வேண்டுமா என்று கேட்டால் உலகத்தில் எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அது அவ்வளவு இனித்தது.

திரையில் அவன் ஒரு சின்னப் புள்ளி. ஏரியைச் சுற்றினான். மறுபடி சுற்றினான். செக்கு மாடுகூடத் தன் வேளை வந்தால் நிற்கும். நான் நிற்க விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேறு குரல். விமானியின் மைக்கைப் பிடுங்கிவிட்டான்.

"டவர், நான் டத்தோ சுகுமாறன். கும்பாபிஷேக நேரம் போகுது. உங்க மேலதிகாரியை எனக்குத் தெரியும்."

எத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல். அப்போதும் கையில் மைக், இப்போதும் கையில் மைக்.  

"இந்த அலைவரிசையில் விமானி மட்டுமே பேச வேண்டும். காத்திருங்கள்" என்றேன்.

பிறகு மறுபடி விமானி. குரலில் ஓர் அவசரம். அது அவனுடைய அவசரம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோளை உலுக்குகிறவனுடைய அவசரம். "அடுத்து வரும் விமானம் எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அது போனதும் அதன் பின்னாலேயே கோயிலுக்குப் போய்விடுகிறோம். எங்கள் பொறுப்பு."

அடுத்து வந்தது ஜெட்டா விமானம். அன்றைய வரிசையிலேயே கனமானது. கோபுரத்துக்கு வெளியே காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் அசையாமல் தொங்கியது. அந்தக் காலை முழுக்க இலை அசையவில்லை.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். 'சுழல்காற்று எச்சரிக்கை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, 'போகலாம்' என்று அனுமதித்திருக்கலாம். கேட்டது அவர்கள். பொறுப்பும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். என் பெயரில் ஒரு கீறல் விழாது. விரல் பொத்தான்மேல் இருந்தது. போ, போய் என் அம்மன் கோயில் வாசலில் விழு என்று மனசு கத்தியது.

"முடியாது. ஏரியிலேயே நில்லுங்கள்" என்றேன்.

இரக்கப்பட்டு அல்ல. அந்த விமானி எவன் வீட்டுப் பிள்ளையோ, அது ஒன்று. கீழே வேலியோரம் என் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள், அது இரண்டு. ஆனால் முதலில் தோன்றியது இது: செத்துப்போனவன் வாய் திறக்க மாட்டான். எனக்கு அவன் வாய் வேண்டும். அதனால் அவனை ஒரு கீறல் படாமல் காப்பாற்றினேன், கறுவிக்கொண்டே காப்பாற்றினேன்.

கீழே நடந்ததை அம்மா அன்று சாயங்காலம் மூச்சு வாங்கச் சொன்னார். கோபுர உச்சியில் குருக்கள் கலசத்துக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பச்சைத் துண்டைக் காணோம். ஜனம் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போனது. கமிட்டிக்காரர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார்கள். "நேரம் முடியப் போவுது, யாராச்சும் கொடி காட்டுங்கய்யா!" என்று குருக்கள் மேலிருந்து கத்தினார். தலைவர் இருக்கும்போது நாம் எப்படி என்று ஒருவரும் முன்னால் வரவில்லை.

அப்போது தாயம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலிக்குப் போய், என் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவள் மகன் இப்போது சிங்கப்பூரில். யாருக்கும் அவள் பயப்பட வேண்டியதில்லை. "இத்தன வருஷம் விளக்கேத்துன கையி. நீ காட்டு சாமி!" என்று அழுதாளாம். யாரோ பச்சைத் துண்டு ஒன்றை அவர் கையில் திணித்தார்கள். என் அப்பா கொடி அசைத்தார். நீர் ஊற்றப்பட்டது.

"அப்பப் பாத்து வந்துச்சுடி கருடன்!" என்றார் அம்மா. "ஒரு பிளைட்டு போயி அடுத்தது வரதுக்குள்ள இரைச்சலே இல்ல, வானம் அமைதியா இருந்துச்சு. கோபுரத்துக்கு மேல அழகா ஒரு சுத்து சுத்துச்சு. ஜனமெல்லாம் கையத் தூக்கிக் கும்புட்டுச்சு. ஹெலிகாப்டர் வந்திருந்தா அது கிட்ட வந்திருக்குமா சொல்லு?"

வரிசை ஓய்ந்ததும் நானே கூப்பிட்டு, "இப்போது போகலாம்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் போனபோது ஜனம் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்தது. ஹெலிகாப்டர் காற்றில் கூடாரம் கிழிந்து, வாழையிலை பறந்து, ரசத்தில் செவ்வந்தி விழுந்தது. பூமாரிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அவனை வாழ்த்திய வாழ்த்தை அம்மா என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவனே எங்கள் வீட்டுக்கு வந்தான். கொடி அசைத்தது யார் என்று கேட்டதும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவள் யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான். செயலாளர் சந்திரன், பொருளாளர் வசந்தன். மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அம்மா தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

"வேணும்னேதான நிறுத்துன?" என்றான் என்னைப் பார்த்து. "அம்மன் காரியத்துல விளையாடி இருக்க. இல்லன்னு சொல்றியா? சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. இவங்க ரெண்டு பேரும் பாக்கட்டும்."

அந்தச் சொல் அந்த வாயிலிருந்து இரண்டாம் முறை வருகிறது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து சாமி அறைக்குப் போனார். பித்தளைத் தட்டில் ஒரு சூடத்தை வைத்து ஏற்றிக்கொண்டு வந்து, எங்களுக்கு நடுவே மேசையில் வைத்தார்.

இர்ஃபான் முன்பே எச்சரித்திருந்தான். "டேப்ல நீங்க பேசுனது எல்லாம் சுத்தம்கா. வாயத் தொறந்து வேணும்னு செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேலை போயிரும்." எனக்கும் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் அப்பா உண்மையைச் சொல்லிக் கை வைத்த நெருப்பில் நான் பொய் சொல்லிக் கை வைப்பதா?

"விமானம் வந்துக்கிட்டிருந்தது உண்மை. உங்கள விட்டிருந்தா ஆபத்து, அதுவும் உண்மை" என்றேன். "ஆனா கேப் கேட்டிருந்தா கெடச்சிருக்கும். நான் கேக்கல. உள்ள இருந்தது நீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கல. இது சத்தியம்."

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுட்டது.  சுகுமாறன் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்றான் அவர்களிடம்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அப்பா இன்னொரு சூடத்தைத் தட்டில் வைத்து ஏற்றினார்.

"இப்ப நீ, சுகு. அன்னிக்குத் தாலி எங்க கெடச்சதுன்னு சொல்லிட்டு அணை."

சிரிப்பு நின்றது. "அது என்னிக்கோ நடந்தது. இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்?"

"பீடத்துக்குப் பின்னாடி கெடச்சதுன்னு நீதான மைக்குல சொன்ன. அதையே சொல்லு. சொல்லிட்டுக் கை வை. நான் உன் கால்ல விழுறேன்."

சூடம் எரிந்தது. சுகுமாறனின் கை முழங்கால்மேல் இருந்தது. விரல்கள் வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"கை வைங்கண்ணே" என்றார் சந்திரன் மெதுவாக. "ஒண்ணுமில்லன்னா வைக்க வேண்டியதுதான?"

"காத்தாடி ஓடுது" என்றான். "சூடம் அணைஞ்சிரும்."

அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

வீடு புழுங்கியது. சுவாலை நேராக நின்று எரிந்தது. நான் குனிந்து, அன்றைக்குப் பேசிய அதே மரியாதையோடு சொன்னேன்: "போக்குவரத்து எதுவும் இல்ல டத்தோ. வழி காலியாத்தான் இருக்கு. போகலாம்."

அவன் கை எழவில்லை. தாலி விழுந்த அன்று தாயம்மா பார்த்த முகத்தை நாங்கள் மூன்று பேரும் இப்போது பார்த்தோம். சந்திரனும் வசந்தனும் பார்த்தார்கள். சூடம் கடைசிவரை எரிந்து, தானாகவே அணைந்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

அம்மா சந்திரனையும் வசந்தனையும் மட்டும் பார்த்து, "டீ போடவா?" என்று கேட்டார்.

"போடுங்கக்கா" என்றார் வசந்தன். சந்திரன் தன் நாற்காலியை அப்பாவின் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். சுகுமாறன் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தன் காருக்குத் தனியாக நடந்து போனான்.